ஓடவிட்டுப் பாருங்கள்: அப்ஸ்கேலிங் படத்தை ரசிப்பது எப்படி?

பெங்களூரில் கேம் ஆடும் நண்பர்கள் நாலு பேர் கூடினால் ஒரு வாக்குவாதம் தவறாமல் வரும். திரையின் முழு ரெசல்யூஷனில், அதாவது நேட்டிவில், ஆடினால்தான் படம் படமாக இருக்கும் என்பார் ஒருவர். குறைந்த ரெசல்யூஷனில் வரைந்து பெரிதாக்கும், என்விடியாவின் அப்ஸ்கேலிங் முறையான டி.எல்.எஸ்.எஸ்.ஸைப் போட்டால் அதே படம்தான், வேகமும் கூடும் என்பார் இன்னொருவர். ஆதாரம் கேட்டால் இருவரும் ஸ்கிரீன்ஷாட்டை நீட்டுவார்கள். நின்ற படத்தை வைத்து இந்த வழக்கில் தீர்ப்புச் சொல்ல முடியாது. அப்ஸ்கேலிங்கின் திறமையும் பலவீனமும் படம் நகரும்போதுதான் வெளிப்படும். அதைப் பார்க்கக் கண்ணைப் பழக்குவது கடினமல்ல.

இந்த விவாதத்தில் பெங்களூருக்குத் தனி உரிமை உண்டு. என்விடியாவுக்கு இங்கே பொறியியல் மையம் இருக்கிறது. ஏ.எம்.டி. தன் மிகப்பெரிய வடிவமைப்பு மையத்தை 2023 நவம்பரில் இங்கேதான் திறந்தது. ராஜேஷ் ராவ் 1997-இல் இங்கே தொடங்கிய கேம் நிறுவனமான துருவா இன்டராக்டிவை 2019-இல் ராக்ஸ்டார் வாங்கி, ஏற்கெனவே இங்கு இயங்கிவந்த ராக்ஸ்டார் இந்தியாவோடு சேர்த்துக்கொண்டது. 2018-இல் வெளிவந்த ‘ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2’ உருவாக்கத்தில் ராக்ஸ்டார் இந்தியாவுக்கும் பங்குண்டு. அடுத்த ஆண்டு பி.சி.க்கு வந்த அந்த கேமில் 2021 ஜூலையில் டி.எல்.எஸ்.எஸ். சேர்ந்தது. புல், முடி, கம்பி, பனி என்று அப்ஸ்கேலிங்கைத் திணறடிக்கும் எல்லாமே அதில் இருப்பதால், நம் பயிற்சிக்கு அதையே எடுத்துக்கொள்வோம்.

விடுபட்ட பிக்சல் எங்கிருந்து வருகிறது?

4கே திரையில் சுமார் 83 லட்சம் பிக்சல்கள். டி.எல்.எஸ்.எஸ்.ஸின் ‘குவாலிட்டி’ மோடில் கிராஃபிக்ஸ் கார்டு ஒவ்வொரு ஃபிரேமிலும் 2560 × 1440, அதாவது சுமார் 37 லட்சம் பிக்சல்களை மட்டுமே வரைகிறது. மீதியைக் கணினி கற்பனை செய்து நிரப்புகிறது என்றுதான் பலர் நினைக்கிறார்கள். பெரும்பகுதி கற்பனையல்ல, சேமிப்பு.

ஒவ்வொரு ஃபிரேமிலும் கேமரா ஒரு பிக்சலுக்கும் குறைவான தூரம் நகர்த்தப்படுகிறது. அதனால் அதே இலையின் வேறொரு புள்ளி ஒவ்வொரு முறையும் பதிவாகிறது. எந்தப் பொருள் எங்கிருந்து எங்கே நகர்ந்தது என்ற விவரத்தையும் கேம் கூடவே கொடுக்கிறது. அதைக்கொண்டு பழைய ஃபிரேம்களின் புள்ளிகள் புதிய இடத்தில் பொருத்தப்படுகின்றன. மூன்று ஃபிரேம் சேர்ந்தால் 110 லட்சம் புள்ளிகள். 4கே-வின் 83 லட்சத்தைத் தாண்டிவிட்டது. நொடிக்கு 60 ஃபிரேம் ஓடும் கேமில் இதற்கு ஆகும் நேரம் ஒரு நொடியில் இருபதில் ஒரு பங்கு. எந்தப் பழைய புள்ளியை நம்பலாம், எதைத் தள்ளலாம் என்று தீர்மானிப்பதுதான் டி.எல்.எஸ்.எஸ்.ஸின் நியூரல் நெட்வொர்க் செய்யும் பெரிய வேலை. 2020 மார்ச்சில் வந்த 2.0 பதிப்பிலிருந்து அதன் படம் மதிக்கப்படத் தொடங்கியது இதனால்தான்.

இன்னொன்றும் தெரிந்துகொள்ள வேண்டும். இன்றைய கேம்களில் நேட்டிவும் பெரும்பாலும் ஒற்றை ஃபிரேமின் படமல்ல. விளிம்புகளின் படிக்கட்டை மழுப்ப டி.ஏ.ஏ. என்ற முறை அங்கேயும் பழைய ஃபிரேம்களைக் கலக்கிறது. ஆகவே போட்டி அசலுக்கும் நகலுக்கும் இடையே அல்ல. பழைய ஃபிரேம்களை யார் சாமர்த்தியமாகப் பயன்படுத்துகிறார்கள் என்பதில்தான்.

கண்ணை வைக்க வேண்டிய நான்கு இடங்கள்

*தந்திக் கம்பி.* ரயில் பாதையோரம் நின்று, வானத்தை வெட்டிப் போகும் கம்பியைப் பாருங்கள். தூரத்தில் அது ஒரு பிக்சலைவிட மெல்லியது. அசையாமல் நின்றால் நல்ல அப்ஸ்கேலிங்கில் கம்பி அறுபடாமல் ஓடும், டி.ஏ.ஏ.வைவிடத் தெளிவாகக்கூட இருக்கலாம். இப்போது கேமராவை மெல்லத் திருப்புங்கள். கம்பி துண்டு துண்டாக மினுங்கினால் சேமிப்பு போதவில்லை என்று அர்த்தம்.

*குதிரையின் பிடரி.* இந்த கேமில் முடி முழுசாக வரையப்படுவதில்லை. புள்ளிகளை விட்டுவிட்டு வரைந்து, அடுத்தடுத்த ஃபிரேம்கள் கலந்து மென்மையாகும் என்ற நம்பிக்கையில் விடப்படுகிறது. கேமின் நாயகன் ஆர்தரின் தாடியிலும் இதே கதைதான். முடியின் ஓரத்தில் கொசுவலை போன்ற புள்ளிக் கோலம் தெரிகிறதா என்று பாருங்கள்.

*ஓடும் காலின் பின்புறம்.* குதிரை பாயும்போது கால் விலகிய இடத்தில் புல் புதிதாக வெளிப்படுகிறது. அந்தப் புல்லுக்குப் பழைய ஃபிரேமில் பதிவே கிடையாது. ஒரு கணம் அங்கே குறைந்த ரெசல்யூஷன் அப்பட்டமாகத் தெரியும். அப்ஸ்கேலிங்குக்கு உண்மையான தேர்வு இங்கேதான்.

*விழும் பனி.* கேமின் தொடக்க அத்தியாயம் பனிமலையில் நடக்கிறது. பனித்துகள், தீப்பொறி போன்றவற்றுக்கு நகர்வு விவரம் பல கேம்களில் சரியாகக் கொடுக்கப்படுவதில்லை. அப்போது துகளுக்குப் பின்னால் வால் நீளும், அல்லது துகளே மறைந்துபோகும்.

ஒப்பிடும் முறை

ஒரே இடம், ஒரே நேரம், ஒரே வெளிச்சம் இருக்கட்டும். ஷார்ப்பனிங்கை இரண்டு பக்கமும் சமமாக வையுங்கள். கூர்மை கூட்டிய படம் முதல் பார்வையில் எப்போதும் ஜெயிக்கும். யூடியூப் ஒப்பீடுகளை முழுசாக நம்ப வேண்டாம். வீடியோ சுருக்கப்படும்போது நாம் தேடும் நுணுக்கம்தான் முதலில் அழிகிறது. வழக்கமாக உட்காரும் தூரத்திலிருந்து பாருங்கள். 27 அங்குல 4கே மானிட்டரில் ஒரு பிக்சலின் அகலம் சுமார் 0.16 மில்லிமீட்டர். 60 சென்டிமீட்டர் தள்ளி உட்கார்ந்தால், சராசரிக் கண் பிரித்தறியும் எல்லைக்குக் கீழே போய்விடுகிறது அது. மூக்கைத் திரையில் ஒட்டிக் கண்டுபிடிக்கும் குறைக்காகக் கவலைப்பட வேண்டியதில்லை.

சமமா, இல்லையா?

4கே திரையில் குவாலிட்டி மோட் நேட்டிவுக்குச் சமம் என்று தயங்காமல் சொல்வேன். மெல்லிய கோடுகளில் சில சமயம் ஒரு படி மேலேயும் போகும். 1920 × 1080-லிருந்து வளர்க்கும் ‘பெர்ஃபாமன்ஸ்’ மோட் முன்பு தெளிவாகப் பின்தங்கியிருந்தது. 2025 ஜனவரியில் வந்த டி.எல்.எஸ்.எஸ். 4-இன் புதிய மாடல் அந்த இடைவெளியை நன்றாகவே குறைத்திருக்கிறது. அதே ஆண்டு மார்ச்சில் இயந்திரக் கற்றலுக்கு மாறிய ஏ.எம்.டி.யின் அப்ஸ்கேலிங் முறையான எஃப்.எஸ்.ஆர். 4-உம் தன் முந்தைய பதிப்புகளை விட்டு வெகுதூரம் வந்துவிட்டது.

24 அங்குல 1080 திரை வைத்திருப்பவர்களுக்குப் பதில் வேறு. அங்கே குவாலிட்டி மோட் 1280 × 720-லிருந்து, 9 லட்சம் பிக்சலிலிருந்து தொடங்குகிறது. தூரத்து முகத்துக்குக் கிடைப்பதே விரல்விட்டு எண்ணும் பிக்சல்கள். ஒவ்வொரு பிக்சலும் பெரிது, தவறினால் கண்ணில் குத்தும். வேகம் போதவில்லை என்றால் முதலில் நிழல், நீர் இவற்றின் தரத்தைக் குறையுங்கள். அப்ஸ்கேலிங் அடுத்த வழியாக இருக்கட்டும்.

பெங்களூரின் எலக்ட்ரானிக்ஸ் கடைவீதியான எஸ்.பி. ரோட்டுக்குக் கார்டோ மானிட்டரோ வாங்கப் போகிறீர்கள் என்றால், பளபளக்கும் வால்பேப்பரைப் பார்த்துத் திருப்தியடையாதீர்கள். ஒரு கேமை ஓடவிடச் சொல்லுங்கள். கேமராவைத் திருப்புங்கள், குதிரையை விரட்டுங்கள், கம்பியையும் காலடிப் புல்லையும் பாருங்கள். அதன்பின் உங்கள் கண் சொல்வதை நம்பிப் பணத்தைக் கொடுக்கலாம்.