கிடையும் கிஸ்தியும்

கி. ராஜநாராயணனின் 'கிடை'யைக் காதல் கதை என்பார்கள். ஜாதிக் கதை என்பார்கள். இரண்டும் சரிதான். 2003-ல் அம்ஷன்குமார் அதைப் படமாக்கியபோது 'ஒருத்தி' என்று பெயர் வைத்து அந்தப் பெண்ணையே முன்னே நிறுத்தினார். ஆனால் கதையைக் கிளப்பிவிடுவது ஆடு. கிடை ஆடுகள் பயிருக்குள் இறங்கிவிடுகின்றன. யார் குற்றம் என்று ஊர் கூடி விசாரிக்கிறது. ஆகவே அதை மேய்ச்சலைப் பற்றிய கதையாகவும் படிக்கவேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

கி.ரா.வின் இடைசெவல் கோவில்பட்டிக்குப் பக்கத்து ஊர். அந்த மானாவாரிக் கரிசலில் அறுப்பு முடிந்ததும் கிடை போடுவார்கள்; புழுக்கைதான் நிலத்துக்கு உரம். விதைத்த பிறகு ஆடு எங்கே போகும்? புறம்போக்குக்கும் குன்றடிக்கும்தான். அங்கே சர்க்கார் நிற்கிறது.

சர்க்கார் ஏட்டில் 1882-ம் வருஷத்து வனச்சட்டத்தின் ரிசர்வ் காடு உண்டு; கிஸ்தி தராத தரிசு உண்டு. மேய்க்கால் புறம்போக்கு என்ற பெயரும் உண்டு. ஆனால் அந்தப் புல்லுக்குக் காவலாள் இல்லை. 1877-ல் விதையாகக் கடப்பைக்கு வந்த சீமைக்கருவேல் இன்று கண்மாயிலும் புறம்போக்கிலும் அடைந்து கிடக்கிறது. அந்த முள்ளின் அடியில் புல் ஏது?

2022 மார்ச்சில் தமிழ்நாட்டுக் காடுகள் முழுவதிலும் மேய்ச்சலைச் சென்னை உயர்நீதிமன்றம் தடுத்தது. அதே மாதத்தில் தேசியப் பூங்கா, சரணாலயம், புலிகள் காப்பகம் என்று தடையைச் சுருக்கியது. சுருக்கியது நியாயம். தடையே கூடாது என்றும் சொல்லமாட்டேன். இதே ஜில்லாவில் வல்லநாட்டு வெளிமானுக்கும் புல் வேண்டும்.

அப்படியானால் எல்லாவற்றையும் ஊரிடமே விட்டுவிடலாமே என்கிறார்கள் சில நண்பர்கள். அவர்கள் 'கிடை'யை இன்னொரு முறை படிக்கட்டும். ஊருக்கு ஆட்டின் வழி தெரியும். விசாரணையும் சாமர்த்தியமாகத்தான் நடக்கிறது. முடிவில் என்ன ஆகிறது? பையனுக்கு வேறிடத்தில் கல்யாணம். தாழ்த்தப்பட்ட ஜாதிப் பெண்ணுக்குப் பேயோட்டுகிறார்கள். நிலத்தை அறிந்தவர்கள் நியாயமும் செய்வார்கள் என்பதற்கு உத்தரவாதம் ஏதுமில்லை.

சர்க்காருக்குச் சட்டம் தெரியும், புல் தெரியாது. ஊருக்குப் புல் தெரியும், ஆனால் ஆள் பார்த்துத் தீர்ப்புச் சொல்லும். வனத்துறையும் பஞ்சாயத்தும் சேர்ந்து உட்கார்ந்தால் மட்டும் போதாது. ஆடு மேய்க்கிறவளுக்கும் அங்கே ஓர் இடம் வேண்டும். அவள் சொல்லுவதை எழுதிக்கொள்ள ஒரு குமாஸ்தாவும் வேண்டும். கி.ரா. இப்படியெல்லாம் யோசனை சொல்லவில்லை. அவர் கதைதான் எழுதினார். படித்தவனுக்கு இது தோன்றாமல் போகாது.