திராட்சை அறுவடை நாள்களும் கோடை வெப்பமும்: ஒரு தரவுத் திருத்தம்

கோம்பையை உள்ளிட்ட கம்பம் பள்ளத்தாக்கில் பன்னீர் திராட்சை ஆண்டு முழுவதும் அறுவடையாகிறது. எப்போது கவாத்து செய்வது என்பதை உழவரே முடிவு செய்வதால், அறுவடை நாளைக் கொண்டு அங்குக் கோடையின் வெம்மையைக் கணிக்க இயலாது. பிரான்சின் பர்கண்டியிலோ ஆண்டுக்கு ஒரே அறுவடை. வெம்மை மிகுந்தால் அது முந்தும். வெப்பமானிக்கு முந்தைய கோடைகளை அறிய அந்நாள்கள் சான்றானது இதனாலேயே.

1370 முதல் 2003 வரையிலான பர்கண்டி நாள்களைக் கொண்டு, 2003ஆம் ஆண்டுக் கோடை ஒப்பற்றது என இசபெல் ஷுயின் குழுவினர் 2004இல் ‘நேச்சர்’ இதழில் எழுதினர். அவர்கள் 2003க்குக் கணித்த வெப்பம், வெப்பமானி காட்டியதைவிட மிகுதி என்று 2007இல் டக்ளஸ் கீனன் சுட்டியது ஏற்கத்தக்கதே. ஆயின் அறுவடை நாளே நலிந்த சான்று என்னும் அவர் முடிவு, சான்றின் குறையையும் அதைக் கையாண்டோர் குறையையும் வேறுபடுத்தவில்லை.

அவ்வேறுபாட்டைத் தெளிவாக்கியது தோமா லாபே குழுவினரின் 2019ஆம் ஆண்டு ஆய்வு. பலரும் பயன்படுத்திய திஜோன் நகரத் தொடர் பிழை மலிந்தது. மூல ஆவணங்களை நோக்காது 19ஆம் நூற்றாண்டு அச்சு நூல்களிலிருந்தே தரவு எடுக்கப்பட்டமை அதன் காரணம். (கல்வெட்டின் மைப்படியைக் காணாது பழம்பதிப்பின் பாடத்தையே வழிமொழியும் போக்கு தமிழாய்வுக்கும் புதிதன்று.) இக்குழு போன் நகரின் ஆவணக் காப்பகத்திலிருந்து 1354 முதல் 2018 வரையிலான நாள்களை நேரடியாகத் திரட்டி, சமகாலக் குறிப்புகளோடு ஒப்பிட்டு, 1659இல் தொடங்கும் பாரிஸ் வெப்பப் பதிவுகளோடு பொருத்தியது.

1987 வரை அறுவடை சராசரியாகச் செப்டம்பர் 28இல் தொடங்கியது. 1988க்குப் பின் 13 நாள் முந்தியது. 1582இல் பிரான்சு நாட்காட்டியை மாற்றியபோது நீக்கப்பட்டவை 10 நாள்கள். அம்மாற்றத்தைக் கணக்கில் கொள்ளாத தொடரில் எழும் பிழை, அளக்க முயலும் மாற்றத்திற்கு ஏறத்தாழ நிகராகிவிடும்.

திருத்தத்தால் வெப்பமாதல் பொய்க்கவில்லை. அதைக் கூறும் முறையே மாறியது. மிக முந்திய அறுவடைகளில் 21, 1393க்கும் 1719க்கும் இடைப்பட்டவை. 1720 முதல் 2002 வரை ஐந்து மட்டுமே. ஆகவே பழங்காலத்தில் கடுங்கோடை இல்லை என்பது பொருந்தாது. 2003 முதல் 2018 வரையிலான 16 ஆண்டுகளில் எட்டு அத்தகையவை என்பதே புதிது. ஓர் ஆண்டின் உச்சத்தைவிட இந்நெருக்கமே வலுவான வாதம். 2004ஆம் ஆண்டுக் கட்டுரையை மட்டும் மேற்கோள் காட்டும் ஆய்வேடுகளில் இவ்வாதத்திற்கு இடமில்லை.