2000 வாட் ஓவனும் சமையலறை பிளக்கும்

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனிக்குப் புது ஓவர்லாக் மெஷின் வந்து இறங்கினால், எலக்ட்ரீஷியன் வந்து லோடு பார்க்காமல் அதை ஓட்ட மாட்டார்கள். எந்தப் பேஸில் கொடுப்பது, லைன் தாங்குமா என்று கேட்ட பிறகுதான் சுவிட்ச். அந்த மோட்டார் பெரும்பாலும் அரை எச்.பி.; 400 வாட்டுக்குப் பக்கம். அதே ஆட்கள் வீட்டுக்கு ஓவன் வாங்கினால் மிக்ஸி இருந்த பிளக்கில் சொருகிவிடுகிறார்கள். ஓவன் இழுப்பதோ அந்த மெஷினைப்போல் ஐந்து மடங்கு.

நான் ஓட்டிப் பார்த்தது 52 லிட்டர் ஓடிஜி (ஓவன்-டோஸ்டர்-கிரில்). முதுகில் ஒட்டியிருக்கும் தகட்டில் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ், 2000 வாட். வாட்டை வோல்ட்டால் வகுத்தால் 8.7 ஆம்பியர். சின்ன பிளக் 6 ஆம்பியருக்கானது. 1380 வாட்டோடு அதன் கதை முடிந்தது. 16 லிட்டர், 1200 வாட் பெட்டிகளை அது தாங்கும். பெரியவற்றுக்கு நாம் இன்னும் '15 ஆம்ஸ்' என்றே சொல்லும் 16 ஆம்பியர் பவர் பிளக் வேண்டும். கன்வெக்‌ஷன் மைக்ரோவேவ் வாங்குகிறவர்கள் கூடுதல் கவனமாக இருக்கவேண்டும். அட்டைப்பெட்டியில் பெரிதாகப் போட்டிருக்கும் 900 வாட், உணவுக்குப் போய்ச் சேரும் மைக்ரோவேவ் சக்தி. கன்வெக்‌ஷனில் சுவரிலிருந்து இழுப்பது பல மாடல்களில் 2000 வாட்டைத் தாண்டும். தகட்டைத்தான் நம்பவேண்டும்.

கிளாம்ப் மீட்டர் வைத்துப் பார்த்தேன். கீழ் காயில் மட்டும் ஓடும்போது 4.3 ஆம்பியர், மேலும் கீழும் சேர்ந்தால் 8.6. ஆபத்து இங்கேதான். கேக்குக்குக் கீழ் காயில் மட்டும் போட்டு, கன்வெர்ஷன் பிளக் வழியாகச் சின்ன பிளக்கில் ஓட்டினால் ஒன்றும் ஆகாது. 'ஓடுதே' என்று நம்பிவிடுவோம். என்றைக்காவது இரண்டு காயிலையும் போட்டுக் கோழி சுடும்போது அந்தச் சின்ன பிளக் தாங்காது. அப்படி ஓட்டும் வீடுகளில் பிளக்கைக் கழற்றிப் பார்த்தால், பின் நுழையும் ஓட்டையைச் சுற்றி பிளாஸ்டிக் பழுப்பேறி, லேசாக உருகியிருக்கும்.

எம்சிபி ட்ரிப் ஆனால் அதைவிடப் பெரிய எம்சிபி மாற்றுவது நம் ஊரில் சகஜம். அது மிகத் தவறு. எம்சிபி காப்பது ஓவனை அல்ல, சுவருக்குள் போகும் ஒயரை. லைட்டுக்கும் ஃபேனுக்கும் இழுத்த 1.5 சதுர மி.மீ. ஒயருக்கு 25 ஆம்பியர் எம்சிபி போட்டால், ஒயர் கொதித்தாலும் அது சும்மா இருக்கும். இன்னொன்று: பிளக்குக்குள் ஸ்க்ரூ லூசாக இருந்து சூடேறினால் எந்த எம்சிபிக்கும் தெரியாது, கரண்ட் அளவு கூடவில்லையே. முதல் அரைமணி நேரம் ஓட்டியபின் சுவிட்சை அணைத்துவிட்டு பிளக் மேல் கை வைத்துப் பாருங்கள். வெதுவெதுப்பு பரவாயில்லை. கை வைக்க முடியாத சூடு என்றால் பழையபடி ஆன் செய்யாதீர்கள்.

பேக்கிங்கைப் பற்றி: தேங்காய் பன் பேக்கரி நிறத்துக்கே வந்தது, கீழ் தட்டு மட்டும் சற்று வேகமாகச் சிவந்தது. சாயங்காலம் வோல்டேஜ் 210க்கு இறங்கியபோது ப்ரீஹீட்டுக்குக் கூடுதல் நேரம் பிடித்தது. 210 வோல்ட்டில் இந்த 2000 வாட் காயில் 1670 வாட்டுதான் தரும். ரெசிபி புத்தகத்தின் நிமிடக் கணக்கை அப்படியே நம்பவேண்டாம். செலவு பயப்படும் அளவுக்கு இல்லை. தெர்மோஸ்டாட் அவ்வப்போது அணைவதால், ஒரு மணி நேரத்துக்கு இரண்டு யூனிட்டுக்கும் குறைவுதான் ஓடும்.

எர்த் இல்லாத வீட்டில் ஓவன் வேண்டாம் என்பதே என் முடிவு. முழுக்க உலோகப் பெட்டி, உள்ளே சிவந்த காயில். மல்டிமீட்டரில் பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே 230 காட்டினால் போதாது. எர்த் டெஸ்டரில் ஓம் பார்க்கச் சொல்லுங்கள். நம் வறண்ட மண்ணில் சித்திரை வைகாசியில் எர்த் குழி காய்ந்துபோகும், தண்ணீர் ஊற்றவேண்டும். டிபியில் (மெயின் போர்டில்), கரண்ட் கசிந்தால் லைனை அணைக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி கட்டாயம். மழைக்காலத்தில் வாரக்கணக்கில் மூடிவைத்த ஓவனைப் போட்டதும் ஆர்சிசிபி விழுந்தால், காயிலில் ஈரம் ஏறியிருக்கலாம். சர்வீஸ் ஆளிடம் காட்டுங்கள்; எர்த் ஒயரைக் கழற்றி ஓட்டிவிடாதீர்கள்.

இன்வெர்ட்டர் லைனில் ஓவனைப் போடவே கூடாது. முன்னறையில் தையல் மெஷின் போட்டு ஜாப் வொர்க் செய்யும் வீடுகளில், அந்த சர்வீஸிலிருந்து சமையலறைக்கு ஒயர் இழுப்பதும் வேண்டாம். இரண்டுக்கும் மீட்டரும் டேரிஃபும் வேறு. கீசர், இண்டக்‌ஷன், ஓவன் மூன்றும் ஆளுக்கு 2000 வாட் என்றால், ஒரே நேரத்தில் 26 ஆம்பியர். த்ரீ பேஸ் வீடானால் வெவ்வேறு பேஸில் பிரித்துப் போடச் சொல்லுங்கள். ஓவனுக்கு டிபியிலிருந்து தனி லைன், 4 சதுர மி.மீ. காப்பர் ஒயர், 16 அல்லது 20 ஆம்பியர் எம்சிபி. புது வீடு கட்டுகிறவர்கள் பூச்சு வேலைக்கு முன்பே இந்தப் பைப்பைப் போட்டுவிடுங்கள். பின்னாளில் 3000 வாட் பில்ட்-இன் ஓவன் வாங்கினாலும் அதே லைன் தாங்கும்.