மூன்று கோடும் மூன்று புள்ளியும்

நம் மாணவர்களின் ஆங்கிலக் கட்டுரைகளில் உணர்ச்சிக்குறி அளவுக்கு மீறிக் கிடக்கிறது என்று ஆங்கில ஆசிரியர்கள் குறைப்பட்டுக்கொள்வதை எல்லாருமே கேட்டிருப்போம். அதில் தமிழாசிரியர்களாகிய நமக்கும் பங்கு உண்டு. தொடக்கப்பள்ளியில் அந்தக் குறியையும் உணர்ச்சி வாக்கியத்தையும் சேர்த்தே சொல்லிக் கொடுப்பவர்கள் நாம்தானே! இதைப் பற்றி யோசிக்க எனக்கு இலக்கண நூல்களைவிட ஒரு சிறுகதைதான் அதிகம் கைகொடுத்திருக்கிறது. ருஷ்ய எழுத்தாளர் அந்தோன் செகாவ் தமது 25ஆம் வயதில், 1885ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் சமயத்தில் வெளியிட்ட கதை அது. அதன் தலைப்பே 'உணர்ச்சிக்குறி'தான்.

கதை மிகச் சிறியது. பெரெக்ளாதின் ஒரு கீழ்நிலை அரசாங்க அதிகாரி. 40 வருடம் கோப்பு எழுதியே காலம் தள்ளியவர். நம் தோட்டப்புறப் பேச்சில் சொன்னால் ஒரு கிராணி மாதிரி. ஒரு விருந்தில் படித்த இளைஞன் ஒருவன் அவரைச் சீண்டிவிடுகிறான். முறையான படிப்பு இல்லாமல், நிறுத்தக்குறிகளை வெறும் பழக்கத்தில் போடுகிறீர்கள் என்பது அவன் சொன்னதன் சாரம். அந்த அவமானத்தோடு கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவு படுக்கப் போகிறார். தூக்கம் வரவில்லை. காற்புள்ளி, அரைப்புள்ளி, முக்காற்புள்ளி, வினாக்குறி என்று ஒவ்வொன்றாக நினைத்துப் பார்க்கிறார். எல்லாவற்றுக்கும் தம் கோப்புகளில் இடம் இருந்திருக்கிறது. உணர்ச்சிக்குறியிடம் வந்ததும் திகைத்து நின்றுவிடுகிறார். 40 வருடத்தில் ஒரு தடவைகூட அதை எழுதிய ஞாபகம் இல்லை.

மனைவியை எழுப்பிக் கேட்கிறார். அவள் 7 வருடம் விடுதிப் பள்ளியில் படித்தவள். இலக்கணம் முழுக்க மனப்பாடம். விளிக்கும்போதும், மகிழ்ச்சி, கோபம் போன்ற உணர்ச்சிகளைக் காட்டும்போதும் அந்தக் குறி வரும் என்று தட்டாமல் ஒப்பிக்கிறாள். விடை சரிதான். ஆனால் அந்தச் சரியான விடைதான் அவரை உலுக்குகிறது. அப்படியென்றால் 40 வருடமாக மகிழ்ச்சிக்கும் கோபத்துக்கும் தேவையே இல்லாத எழுத்தைத்தான் எழுதி வந்திருக்கிறார்! மறுநாள் பார்க்கும் இடமெல்லாம் அந்தக் குறியே தெரிகிறது. மேலதிகாரி வீட்டுக்கு வாழ்த்துச் சொல்லப் போனவர், வருகைப் பதிவேட்டில் தம் பதவியையும் பெயரையும் எழுதி, பின்னால் மூன்று உணர்ச்சிக்குறிகளைப் பேனா அழுந்தப் போடுகிறார். ஆத்திரமும் ஆனந்தமும் ஒன்றாகப் பொங்குகின்றன. கண்ணை விட்டு அகலாத குறியும் மறைந்துவிடுகிறது.

இதை ஓர் அதிகாரியின் கலகக் கதையாகப் படிக்கலாம். எனக்கு அது கொஞ்சம் மிகை என்றே படுகிறது. அந்தப் பதிவேட்டை மேலதிகாரி பார்த்தாரா என்றுகூடக் கதை சொல்லவில்லை. அவரது வேலையோ சம்பளமோ மாறவில்லை. 40 வருடம் அடக்கி வைத்த உணர்ச்சிக்குக் கிடைத்த இடம் மூன்று கோடும் மூன்று புள்ளியும்தான். சிரிக்க வைக்கும் முடிவுதான். ஆனால் சிரிப்பு அடங்கியதும் மனசு கனக்கிறது. செகாவின் திறமை அதில்தான் இருக்கிறது. ஆசிரியர்களுக்கு இன்னொன்றும் கவனிக்க இருக்கிறது. விதி தெரிந்த மனைவிக்கு அதைப் போட ஒரு காரணம் இல்லை. காரணம் இருந்தவருக்கு விதி தெரியவில்லை. கடைசியில் அவர் போட்ட இடமோ எந்த இலக்கணத்துக்கும் ஒத்துவராதது. பெயருக்குப் பின்னால் மூன்று உணர்ச்சிக்குறி இருந்தால் நம்மில் யாரும் சிவப்பு மையால் அடித்துவிடுவோம்.

அந்த மனைவியின் பாடத்தைத் தேர்வாக்கினால் என்ன ஆகும் என்பதற்கு ஓர் உண்மைச் சான்று இருக்கிறது. 2016இல் இங்கிலாந்துக் கல்வி அமைச்சு, 7 வயது மாணவர்களின் எழுத்து மதிப்பீட்டுக்கு ஒரு விளக்கம் கொடுத்தது. 'வாட்' அல்லது 'ஹவ்' என்று தொடங்கி, வினைச்சொல்லோடு முழு வாக்கியமாக இருந்தால்தான் அது உணர்ச்சி வாக்கியமாகக் கணக்கில் சேரும் என்றது. ஆசிரியர்களிடமிருந்து கடும் கண்டனம் வந்தது. நியாயமாகப் பார்த்தால் அந்த விளக்கம் இலக்கணப்படி தப்பில்லை. ஆங்கிலத்தில் உணர்ச்சி வாக்கியம் என்ற வாக்கிய வகைக்கு அதுதான் அமைப்பு. ஆனால் உணர்ச்சி வாக்கியம் வேறு, உணர்ச்சிக்குறி வேறு. தீப்பிடித்தால் 'ஃபயர்!' என்று ஒரே சொல்லில் கத்துகிறோம். அது அந்த வாக்கிய வகையில் சேராது. ஆனால் குறி கட்டாயம் வேண்டும். இந்த இரண்டையும் பிரித்துக் காட்டாமல் மதிப்பெண்ணோடு கட்டினால், பிள்ளைகள் உயிரில்லாத 'வாட்', 'ஹவ்' வாக்கியங்களாகவே எழுதித் தள்ளுவார்கள்.

நம் பக்கத்துச் சிக்கல் வேறு மாதிரி. தமிழில் 'எவ்வளவு உயரம்?' என்பதும் 'எவ்வளவு உயரம்!' என்பதும் எழுத்தில் ஒன்றேதான். கேள்வியா வியப்பா என்று காட்டுவது குறி மட்டும்தான். ஆங்கிலத்தில் அப்படி இல்லை. 'ஹவ் டால் இஸ் ஹி?' என்றால் கேள்வி. 'ஹவ் டால் ஹி இஸ்!' என்றால் வியப்பு. அங்கே சொல் வரிசையே மாற வேண்டும். நம் மாணவர் 'ஹவ் டால் இஸ் ஹி!' என்று எழுதும்போது கேள்வியை அப்படியே வைத்துக்கொண்டு குறியை மட்டும் மாற்றுகிறார். தமிழில் அது போதும். இன்றைய ஆங்கில உரைநடைக்குப் போதாது. இந்த ஒப்பீட்டைத் தெளிவாகச் சொல்லிக் கொடுக்க நம்மைவிடப் பொருத்தமானவர் யார்?

இன்னொன்று விளி. நம் கடிதத்தில் 'அன்பு நண்பா!' என்று எழுதலாம். செகாவின் ருஷ்ய மொழியிலும் கடித விளிக்கு உணர்ச்சிக்குறி இடும் வழக்கம் உண்டு; மனைவி விளியைச் சேர்த்துச் சொன்னது அதனால்தான். மலாயில் இதன் பெயரே 'தண்டா செரு'. 'செரு' என்றால் கூவி அழைப்பது. ஆங்கிலமோ 'டியர் ரவி' என்று அழைத்துவிட்டுக் காற்புள்ளியோடு நின்றுவிடும். 'டியர் சார்!' என்று தொடங்கும் விண்ணப்பக் கடிதம் அந்த மொழியில் முதல் வரியிலேயே பிசகிவிடுகிறது. பெயர்களைப் பற்றி இன்னொரு விஷயம்: ஆங்கிலத்தில் இந்தக் குறிக்குப் பழைய பெயர் 'நோட் ஆஃப் அட்மிரேஷன்'. அந்தக் காலத்தில் 'அட்மிரேஷன்' என்றால் வியப்பு. நம் 'வியப்புக்குறி'யும் அதே பொருள்தான். ஆனால் தொல்காப்பியம் மெய்ப்பாடுகளை எட்டாக எண்ணுகிறது. வியப்பு அதில் ஒன்றுதான். அச்சமும் வெகுளியும் அழுகையும் இதே ஒரு கோட்டுக்கும் புள்ளிக்கும் பின்னால்தான் வரிசையில் நிற்கின்றன. அதனால் எந்த உணர்ச்சி என்பதைக் குறி சொல்லாது. வாக்கியம்தான் சொல்ல வேண்டும்.

தேர்வு எழுதப் போகும் மாணவர்களுக்கு இதிலிருந்து சில நேரடிக் குறிப்புகள்:

'வாட்', 'ஹவ்' கொண்டு வியக்கும்போது எழுவாய் முன்னால், வினை பின்னால்: 'வாட் எ லாங் நைட் இட் வாஸ்!'

'ஔச்!', 'ஹுரே!' போன்ற வியப்பிடைச் சொற்களுக்கும், 'ஸ்டாப்!' போன்ற அவசரக் கட்டளைக்கும் குறி உண்டு. 'ப்ளீஸ் சிட் டவுன்' என்ற சாதாரண வேண்டுகோளுக்கு முற்றுப்புள்ளி போதும்.

உரையாடலில் குறி மேற்கோளுக்குள்ளே வரும், அதற்குப் பின் காற்புள்ளி சேர்க்கக் கூடாது: "ரன்!" ஷி ஷவுட்டட்.

ஒரு வாக்கியத்துக்கு ஒரு குறிதான். அறிக்கை, அலுவல் கடிதம், வாதக் கட்டுரை மூன்றிலும் அதற்கு வேலையே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கதை எழுதும்போது இதைச் செய்து பாருங்கள். 'தி டோர் ஓப்பன்ட்! நோபடி வாஸ் தேர்! ஐ வாஸ் ஸோ ஸ்கேர்ட்!' என்ற மூன்று வாக்கியங்களில் மூன்று குறிகள் இருக்கின்றன; பயம் இல்லை. குறிகளை எடுத்துவிடுங்கள். மூன்றாவது வாக்கியத்தையும் எடுத்துவிட்டு, 'மை கிராண்ட்மதர்ஸ் சேர் வாஸ் ஸ்டில் ராக்கிங்' என்று எழுதுங்கள். கதவு திறந்தது, ஆளில்லை, பாட்டியின் நாற்காலி மட்டும் இன்னும் ஆடிக்கொண்டிருக்கிறது. இப்போது முற்றுப்புள்ளியே பயமுறுத்துகிறது. அடுத்த வரியில் யாராவது அலறினால், அங்கே ஒரே ஓர் உணர்ச்சிக்குறி போடுங்கள். அது கேட்கும்.

பெரெக்ளாதினின் மூன்று குறிகளும் நம் மாணவரின் மூன்று குறிகளும் பார்வைக்கு ஒன்றுதான். அவர் 40 வருடம் சேர்த்து வைத்ததை ஒரே மூச்சில் கொட்டினார். இவர்கள் வரிக்கு வரி செலவழிக்கிறார்கள். அதனால் திருத்தும்போது குறியை வட்டமிட்டு 'தவறு' என்று எழுதுவதோடு நிறுத்திவிடாதீர்கள். 'இங்கே உனக்கு என்ன உணர்ச்சி?' என்று ஓரத்தில் ஒரு கேள்வி எழுதிக் கொடுங்கள். பதில் சொல்ல முடிந்த மாணவர் அந்தப் பதிலையே வாக்கியமாக எழுதிவிடுவார். முடியாதவர் தாமே குறியை அழித்துவிடுவார். இரண்டுமே நல்ல திருத்தம்தான்.