எழுவாய் இல்லாத அறிவியல்

'பாலாற்றில் கழிவுநீர் கலக்கப்படுகிறது.' ஆம்பூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் அறிவியல் கட்டுரை எழுதப் பழக்கியபோது பெரும்பாலான தாள்களில் இருந்த வாக்கியம் இது. தப்பு என்னுடையது. 'நான்' வராமல் செயப்பாட்டு வினையில் எழுதுங்கள், அதுவே அறிவியல் நடை என்று சொல்லிக் கொடுத்தவன் நான். ஒரு பையன் கேட்டான்: "யாரு சார் கலக்குறது? தோல் ஷாப்புல எங்கப்பாதான் தண்ணியத் தொறந்து வுடுறாரு. அவரப் போடவா?"

கோயில் கட்டிய தச்சனை இயற்றுதல் கருத்தா என்றும் கட்டச் சொன்ன அரசனை ஏவுதல் கருத்தா என்றும் பிரிப்பது நம் இலக்கணம். 'படுகிறது' இருவரையும் அழிக்கிறது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவரே ஈடுகட்ட வேண்டும் என்றது; ஐந்து மாவட்டங்களின் தோல் ஆலை ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம் போட்டது. அதாவது ஏவுதல் கருத்தாவைத் தேடிப் பிடித்தது.

இதை வைத்து, அறிவியல் நடையே அதிகாரத்தின் சதி என்று நம் ஆட்கள் கிளம்பினால் நான் உடன்பட மாட்டேன். 'தண்ணீரில் குரோமியம்' என்று கோஷம் போட்டால் போதாது. பதனிடப் பயன்படுவது மூன்று இணைதிறன் கொண்டது. கொடிய நஞ்சு, ஆறு இணைதிறன் கொண்டது. எது, எந்தக் கிணறு, எந்தத் தேதி, லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம்? இதெல்லாம் இல்லாத துண்டறிக்கையை ஆலைத்தரப்பு வக்கீல் ஊதித் தள்ளிவிடுவார்.

அளவும் வேணும், ஆளும் வேணும். பையன் திருத்தி எழுதினான்: 'நிர்வாகம் திறக்கச் செய்கிறது.' பிறவினை. அதற்குத்தான் மதிப்பெண் போட்டேன்.