ஐந்நூறு ஜிபி எங்கே போச்சு?

ஃபைல் சர்வரில் காணாமல் போன இடத்தைத் துரத்திப் பிடிப்பது போல ஒரு சுகமான வேலை சிஸ்டம் அட்மின் பிழைப்பில் வேறு கிடையாது. புது சர்வர் வந்து பெட்டி பிரிக்கும்போதுகூட எனக்கு இத்தனை பரபரப்பு வராது. “சார், எக்செல்ல சேவ் பண்ணா இடமில்லைன்னு வருது” என்று அக்கவுண்ட்ஸிலிருந்து போன் வந்தால் போதும், கை தானாக டெர்மினலுக்குப் போய்விடும்.

எங்கள் அலுவலகத்தின் பொது ஃபைல்கள் எல்லாம் ஒரு லினக்ஸ் சர்வரில், சாம்பா வழியாக இருக்கின்றன. டேட்டாவுக்கென்று 2 டிபி வால்யூம். டிஎஃப் கமாண்ட் போட்டால் 1.9 டிபி நிரம்பிவிட்டது, மிச்சம் பூஜ்யம் என்றது. இரண்டிலிருந்து 1.9 போனால் எப்படிப் பூஜ்யம் என்று கேட்கலாம். எக்ஸ்ட்4 ஃபைல் சிஸ்டம் வழக்கமாக 5 சதவீத இடத்தை ரூட்டுக்கென்று ஒதுக்கி வைத்துவிடும். மற்றவர்களுக்கு அது கிடைக்காது. அந்தக் கணக்கு நேராகிவிட்டது. நேராகாதது இன்னொன்று. மொத்த ஃபோல்டரையும் ரூட்டாக நின்று டியூ கமாண்டால் கூட்டினால் 1.4 டிபிதான் வந்தது. நடுவே ஐந்நூறு ஜிபி எங்கே?

எனக்குப் புல்லரித்துவிட்டது. இந்த இரண்டு கமாண்டும் கேட்பது ஒரே கேள்விதான், ஆனால் கேட்கும் இடம் வேறு. டிஎஃப் நேரே ஃபைல் சிஸ்டத்திடம் போய், எத்தனை பிளாக் கொடுத்திருக்கிறாய் என்று விசாரிக்கிறது. டியூ ஒவ்வொரு ஃபோல்டராக நுழைந்து, கண்ணில் படும் ஃபைல்களை மட்டும் கூட்டுகிறது. இரண்டும் ஒத்துப்போனால், இடத்தைத் தின்பது கண்ணுக்குத் தெரிகிற ஏதோ ஒரு ஃபோல்டர். ஒத்துப்போகாவிட்டால், தின்பது பெயரில்லாத ஒன்று. விசாரணையில் பாதி அந்த இரண்டு வரியிலேயே முடிந்துவிடுகிறது. என்ன அழகு!

பெயரில்லாததைப் பிடிக்க எல்எஸ்ஓஎஃப் இருக்கிறது. பர்டியூ பல்கலைக்கழகத்தின் விக்டர் ஏபெல் எழுதிய கருவி. அவருக்கு நான் மானசீகமாக மாலை போடாத மாதமே இல்லை. அதோடு +எல்1 என்று சேர்த்தால், எந்த ஃபோல்டரிலும் பெயர் இல்லாமல், ஆனால் ஏதோ ஒரு புரோகிராம் இன்னும் திறந்து வைத்திருக்கிற ஃபைல்களை மட்டும் காட்டும். யூனிக்ஸில் ஆர்எம் அடித்தால் அழிவது பெயர்தான். வாசலில் பெயர்ப்பலகையைக் கழற்றிவிட்டாலும் குடியிருப்பவர் காலி செய்யும்வரை வீடு வீடாகத்தானே இருக்கும்?

பட்டியலில் ஒரு வரி. லிங்க் எண்ணிக்கை என்ற பத்தியில் 0. அளவுப் பத்தியில் நீளமான எண். இடமிருந்து விரலை வைத்து எண்ணிப் பார்க்க வேண்டியிருந்தது. வரியின் கடைசியில் ‘டெலீட்டட்’ என்ற ஒற்றைச் சொல். தேடலுக்காக ஃபைல்களுக்கு இண்டெக்ஸ் போடும் சர்வீஸின் லாக் ஃபைல் அது. இரவில் ஓடும் கிரான் ஸ்கிரிப்ட் லாகை அழித்துவிட்டது. சர்வீஸோ அது தெரியாமல் பெயர் போன அதே ஃபைலில் எழுதிக்கொண்டே இருந்திருக்கிறது. சர்வீஸை ரீஸ்டார்ட் செய்தேன், மறுபடி டிஎஃப் போட்டேன். 1.4! அந்த எண் கீழே இறங்குவதைப் பார்க்கும் ஆனந்தம் இருக்கிறதே, அதை அனுபவித்தவருக்குத்தான் தெரியும்.

இதே குடும்பத்தில் இன்னொரு அற்புதம், மவுண்ட்டுக்கு அடியில் புதைந்து கிடக்கும் ஃபைல்கள். பேக்கப் டிஸ்க் மவுண்ட் ஆகாத ஒரு ராத்திரியில் பேக்கப் ஓடினால், அது அந்தக் காலி ஃபோல்டரிலேயே, அதாவது ரூட் டிஸ்க்கிலேயே எழுதிவிடும். மறுநாள் டிஸ்க் மவுண்ட் ஆனதும் எல்லாம் அதற்கு அடியில் மறைந்துவிடும். டியூவுக்கும் தெரியாது, எல்எஸ்ஓஎஃப்புக்கும் தெரியாது. ரூட்டை வேறொரு காலி ஃபோல்டரில் பைண்ட் மவுண்ட் செய்து அங்கே போய்ப் பாருங்கள். மேலே மூடியிருந்த மவுண்ட்கள் அங்கே வராது. அடியில் கிடந்தது அத்தனையும் வெளியே வரும்.

கண்ணுக்குத் தெரிகிற ஃபைல்களுக்கு வந்தால், என்சிடியூ! 2007ல் வந்தது, இரண்டாம் பதிப்பை ஜிக் மொழியில் மாற்றி எழுதியிருக்கிறார்கள். டெர்மினலிலேயே ஃபோல்டர்கள் பெரியதிலிருந்து சிறியதாக வரிசை கட்டி நிற்கும். பக்கத்தில் # குறிகளால் ஆன பட்டை. என்டர் தட்டினால் உள்ளே, இடது அம்புக்குறி தட்டினால் வெளியே. சாம்பாவின் ரீசைக்கிள் வசதியைப் போட்டிருந்தால், பயனர்கள் அழித்ததாக நினைக்கும் வீடியோக்கள் எல்லாம் புள்ளியில் தொடங்கும் ஒரு மறைவான ஃபோல்டரில் சுகமாகத் தூங்கும். என்சிடியூவில் அது முதல் வரியிலேயே வந்து நிற்கும். ஸ்கேன் முடிவை -ஓ போட்டு ஒரு ஃபைலில் சேமித்து, காலையில் -எஃப் போட்டுத் திறந்து உலாவலாம். பகலில் சர்வரை ஸ்கேன் போட்டு வாட்ட வேண்டியதில்லை.

விண்டோஸ்காரர்களுக்கு வின்டர்ஸ்டாட். அதில் வரும் வண்ணக் கட்டங்களின் பூர்வீகமும் இதே தலைவலிதான். 1990ல் மேரிலேண்ட் பல்கலைக்கழக ஆய்வகம் ஒன்றில் 14 பேர் பங்கிட்டுக்கொண்ட 80 எம்பி டிஸ்க் நிரம்பிக்கொண்டே இருந்ததாம். யார் இடத்தை அடைத்திருக்கிறார்கள் என்று ஒரே பார்வையில் தெரிய வேண்டும் என்று பென் ஷ்னைடர்மன் யோசித்ததில் பிறந்ததுதான் ட்ரீமேப். இன்று பங்குச் சந்தை நிலவரத்தைக்கூட அந்தக் கட்டங்களில்தான் வரைகிறார்கள். ஒரு டிஸ்க் நிரம்பியதால் உலகத்துக்குக் கிடைத்த சொத்து!

டெபியன், உபுண்டு இரண்டிலும் ஆப்ட் இன்ஸ்டால் என்று அடித்தால் என்சிடியூ உடனே வந்துவிடும். ரூட்டாக ஓட்டுங்கள், இல்லையென்றால் அனுமதி இல்லாத ஃபோல்டர்கள் கணக்கில் வராது. -எக்ஸ் சேருங்கள், பக்கத்து டிஸ்க்குகளுக்குள் போகாது. டிஎஃப்போடு ஒத்துப்போகவில்லையா? அடுத்து எல்எஸ்ஓஎஃப்.