நூற்றுக்கு ஒன்றேகால்

இலங்கையின் அரச பல்கலைக்கழகம் ஒன்றில் சட்டம் படிக்க விண்ணப்பிக்கும் பிள்ளையிடம், ஏன் சட்டம் என்று எவரும் கேட்பதில்லை. நேர்முகம் கிடையாது. நற்சான்றுக் கடிதம் வேண்டாம். உயர்தரப் பரீட்சை முடிவு வந்ததும் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைந்நூலைப் பார்த்து, எந்தப் பல்கலைக்கழகத்தில் எந்தக் கற்கைநெறி என்று விருப்ப வரிசையை இணையத்தில் நிரப்பி அனுப்பினால் வேலை முடிந்தது. மிச்சத்தை இரண்டே விஷயங்கள் தீர்மானிக்கின்றன. ஒன்று, நான்கு தசம தானங்கள் வரை எழுதப்படும் இசட் புள்ளி. மற்றது, பிள்ளை எந்த மாவட்டத்துப் பள்ளியில் படித்தது என்பது.

இந்த வறட்சியான முறையின்மீது எனக்கு மரியாதை உண்டு. இங்கிலாந்தில் சட்டத்துக்கு விண்ணப்பிக்கும் மாணவர் தன்னைப் பற்றித் தானே ஓர் அறிக்கை எழுத வேண்டும். சில பல்கலைக்கழகங்கள் அதற்கும் மேலே எல்நாட் என்ற தனித் தேர்வும் வைக்கின்றன. வீட்டில் ஒரு வழக்கறிஞர் இருந்தால் அந்த அறிக்கை எப்படி அமையும், இல்லாவிட்டால் எப்படி அமையும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. இந்தியாவின் தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களுக்கான கிளாட் தேர்வு ஆங்கிலத்தில் மட்டுமே நடக்கிறது. தமிழ்வழியில் படித்த மதுரைப் பிள்ளைக்கு அந்தக் கதவு பாதி மூடியே இருக்கிறது. அதோடு ஒப்பிட்டால், மாத்தளை மாவட்டத்தில் இரத்தோட்டைக்கு மேலே ஒரு தோட்டத்து லயத்திலிருந்து வரும் பிள்ளை தமிழிலேயே பரீட்சை எழுதலாம். விடைத்தாளில் பெயர் இல்லை, சுட்டெண் மட்டுமே. அப்பா என்ன வேலை என்பது எந்தப் படிவத்திலும் எடைக்கு வராது. தெரிவானால் கற்பித்தல் கட்டணம் இல்லை. வசதி குறைந்தவருக்கு மஹாபொல உதவியும் உண்டு. செல்வாக்கு நுழைய இடம்விடாத ஒரு வாசல் இந்த நாட்டில் இன்னும் இருக்கிறது என்றால், அது இதுதான்.

ஆனால் அந்த இசட் புள்ளிக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் மரியாதையோடு நிறுத்திக்கொள்ள முடியாது.

இசட் புள்ளி என்பது ஒரு பாடத்தில் பிள்ளை எடுத்த புள்ளி, அந்தப் பாடத்தின் சராசரியிலிருந்து எவ்வளவு விலகி நிற்கிறது என்பதன் அளவு. மூன்று பாடங்களின் சராசரி இறுதி எண்ணாகிறது. எளிதான பாடத்துக்கும் கடினமான பாடத்துக்கும் இடையிலுள்ள வேறுபாட்டைச் சமன்செய்ய 2001இல் இது கொண்டுவரப்பட்டது. அதற்கு முன் இருந்ததைவிட இது நல்லது என்பதில் சந்தேகமில்லை. அதற்கும் வெகு முன்னே இருந்தது என்ன என்பதைத் தமிழ் வாசகருக்கு நினைவூட்டவும் தேவையில்லை. 1970களின் தொடக்கத்தில் மருத்துவத்துக்குச் சிங்கள மொழி மாணவருக்கு 229 புள்ளியும் தமிழ் மொழி மாணவருக்கு 250 புள்ளியும் என்று வெட்டுப்புள்ளி போட்ட அந்த மொழிவாரித் தரப்படுத்தல், ஒரு தலைமுறையின் கோபத்துக்கு எண்ணெய் வார்த்தது. 1974இல் மாவட்ட ஒதுக்கீடு வந்தது. இன்றைய முறை அந்த ஒதுக்கீட்டின் வழித்தோன்றல்தான்.

நல்ல சூத்திரமும் தவறாகப் பாவிக்கப்படலாம் என்பதற்கு 2011 உயர்தரப் பரீட்சை சாட்சி. பழைய பாடத்திட்டத்தில் எழுதியவரையும் புதிய பாடத்திட்டத்தில் எழுதியவரையும் ஒரே கூட்டமாகக் கருதி இசட் புள்ளி கணித்தார்கள். மாணவர்கள் உயர் நீதிமன்றம் போனார்கள். 2012 ஜூனில் நீதிமன்றம் அந்தக் கணிப்பைச் செல்லாததாக்கி, இரண்டு கூட்டங்களுக்கும் தனித்தனியே கணிக்கச் சொன்னது. சட்டபீடத்துக்குப் போக விரும்பும் பிள்ளை முதலில் படிக்கவேண்டிய வழக்கு இதுதான் என்று நான் சொல்வதுண்டு. சமத்துவ உரிமை என்பது சில சமயம் ஒரு புள்ளிவிபரச் சூத்திரத்துக்குள் ஒளிந்திருக்கும்.

ஆனால் நான் சொல்லவந்த மாத்தளை மாவட்டத்தின் குறை சூத்திரத்தில் இல்லை. அடுத்த படியில் இருக்கிறது. சட்டம் போன்ற கற்கைநெறிகளில் இடங்களில் 40 வீதம் நாடளாவிய திறமை வரிசைப்படி நிரப்பப்படுகிறது. 55 வீதம் 25 மாவட்டங்களுக்கும் சனத்தொகை விகிதப்படி பகிரப்படுகிறது. மீதி 5 வீதம் கல்வியில் பின்தங்கியவை என்று பட்டியலிடப்பட்ட 16 மாவட்டங்களுக்கு மேலதிகமாகப் போகிறது.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். 2012 குடிசன மதிப்பீட்டின்படி மாத்தளை மாவட்டத்தில் 4 இலட்சத்து 84 ஆயிரம் பேர். நாட்டில் 2 கோடியே 3 இலட்சத்துச் சொச்சம். அதாவது 2.4 வீதம். நாட்டில் 100 சட்ட இடங்கள் இருந்தால் மாவட்ட ஒதுக்கீட்டில் 55. அதில் மாத்தளைக்கு 1.3. ஒன்றேகால் இடம் என்று வைத்துக்கொள்வோம். கொழும்பு, பேராதனை, யாழ்ப்பாணம் ஆகிய மூன்று பல்கலைக்கழகங்களின் சட்ட இடங்களையும் சேர்த்தாலும் ஓர் ஆண்டில் மாத்தளைக்கென்று ஒதுங்கும் இடங்களை இரண்டு கை விரல்களுக்குள் எண்ணிவிடலாம். தம்புள்ளை, கலேவளை, வில்கமுவ, லக்கலை, உக்குவளை, மாத்தளை நகரம் முதலான பதினொரு பிரதேச செயலகப் பிரிவுகளுக்கும் அவ்வளவுதான்.

நுவரெலியாவும் பதுளையும் இரத்தினபுரியும் அந்த 16 மாவட்டப் பட்டியலில் இருக்கின்றன. மாத்தளை இல்லை. மாவட்டச் சராசரியை எடுத்தால் அதற்கு நியாயமும் உண்டு: மாத்தளை நகரில் நல்ல பாடசாலைகள் இருக்கின்றன; தமிழ் மொழியில் பாக்கியம் தேசிய கல்லூரி, இந்துக் கல்லூரி போன்றவை நகரத்திலேயே உள்ளன. பிரச்சினை அந்தச் சராசரிதான். எல்கடுவையின் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக்கும் நுவரெலியாவின் தோட்டத்துப் பிள்ளைக்கும் வாழ்க்கையில் பெரிய வித்தியாசம் இல்லை. உயர்தர வகுப்பு உள்ள பாடசாலைக்கு பஸ் பிடிக்க வேண்டும். அளவையியலுக்கோ புவியியலுக்கோ ஆசிரியர் இருக்கிறாரா என்பதைப் பொறுத்துப் பாடத்தைத் தெரிவு செய்ய வேண்டும். ஆனால் ஒருவருக்கு மாவட்டம் பின்தங்கியது, மற்றவருக்கு மாவட்டம் பின்தங்கவில்லை. மலையகத் தமிழர் செறிவாக வாழும் மாவட்டத்தில் இருப்பவர் கணக்கில் வருகிறார்; சிதறி வாழும் மாவட்டத்தில் இருப்பவர் சராசரிக்குள் கரைந்துபோகிறார்.

இதில் இன்னொரு கணக்கும் இருக்கிறது, அதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. மாவட்ட ஒதுக்கீடு மொத்தச் சனத்தொகையின் அடிப்படையில் வருகிறது. மாத்தளையில் தமிழர் ஏறத்தாழப் பத்தில் ஒருவர். அவர்களில் பாதிப்பேர் குடிசன மதிப்பீட்டில் இந்தியத் தமிழர் என்று பதியப்பட்டவர்கள். (இலங்கைத் தமிழர் என்று பதிந்துகொண்ட மலையகத்தவரும் உண்டு என்பதால் உண்மையான தொகை கூடுதலாக இருக்கலாம்.) அந்தத் தலைகள் எண்ணப்பட்டதால்தான் மாவட்டத்தின் ஒன்றேகால் அந்த அளவுக்கு வந்தது. ஆனால் அந்த இடத்தில் போய் அமர்பவர் எந்தப் பிரிவிலிருந்து, எந்த மொழியிலிருந்து, எந்த வகைப் பாடசாலையிலிருந்து வருகிறார் என்பதை ஒதுக்கீடு கேட்காது. மலையகத்தவருக்கு இது புதிதல்ல. 1948, 1949 சட்டங்களால் குடியுரிமையும் வாக்குரிமையும் பறிபோன பின்னும், தொகுதிகளை வகுக்கும்போது தோட்ட மக்களின் தலைகள் எண்ணப்பட்டுக்கொண்டே இருந்தன. அதனால் மலைநாட்டுத் தொகுதிகளின் பலம் கூடியது, அந்தப் பலத்தை வேறு வாக்காளர் பாவித்தார்கள். இரண்டும் ஒன்றென்று சொல்ல மாட்டேன். அன்றையது பறிப்பு, இன்றையது கவனக்குறைவு. கணக்கின் வடிவம் மட்டும் ஒன்றாகவே இருக்கிறது.

அப்படியென்றால் ஒதுக்கீட்டை மாவட்டத்துக்குக் கீழே, பிரதேச செயலகப் பிரிவு வரை கொண்டுபோகலாமே என்று கேட்பார்கள். மேடைக்கு நல்ல யோசனை, சட்டத்துறைக்குப் பொருந்தாது. ஒன்றேகாலைப் பதினொன்றால் வகுத்தால் எதுவும் மிஞ்சாது. அதோடு, அலகு சிறுக்கச் சிறுக்க, வசதியுள்ள வீடுகள் பிள்ளையைப் பின்தங்கிய பிரிவின் பாடசாலைக்கு மாற்றி இடத்தைப் பிடிக்கும் கள்ளமும் பெருகும். மாவட்ட அளவிலேயே அது நடப்பதாகப் பேச்சு உண்டு; அதனால்தான் உயர்தரத்துக்கு முந்திய ஆண்டுகளில் படித்த பாடசாலை எங்கிருந்தது என்பதை ஆணைக்குழு பார்க்கிறது. இதன் மறுபக்கத்தில் ஒரு நெருடல் உண்டு. நல்ல ஆசிரியரைத் தேடி ஏ9 வீதி வழியே கண்டிக்குப் போய் உயர்தரம் படிக்கும் உக்குவளைப் பிள்ளை, மாத்தளைப் பிள்ளையாக நிற்பதை விட்டுவிட்டுக் கண்டிப் பிள்ளைகளோடு போட்டியிட வேண்டியதாகிவிடும். கண்டியும் அந்த 16இல் இல்லை.

விருப்ப வரிசையைப் பற்றி ஒரு வார்த்தை. கலைப்பிரிவில் நல்ல இசட் புள்ளி எடுத்த பிள்ளைக்குச் சட்டம் என்பது பல வீடுகளில் இயல்பான முதல் விருப்பம். ‘டொக்டர் இல்லாட்டி லோயர்’ என்ற பழைய பேச்சு இன்னும் சாகவில்லை. சட்டம் எதைப் பற்றியது என்று தெரியாமலே முதலிடத்தில் போடுகிறவர்கள் உண்டு. பேராதனை வீட்டுக்குப் பக்கம் என்று எழுதுபவரும், யாழ்ப்பாணம் தமிழ்ச் சூழல் என்று எழுதுபவரும், கொழும்பு பெயருக்காக என்று எழுதுபவரும் உண்டு. ஏன் சட்டம் என்று எவரும் கேட்காத முறையின் விலை இது. ஆனாலும் அந்தக் கேள்வியைக் கேட்கும் முறையைவிட இந்த விலை மலிவு என்றே நினைக்கிறேன்.

மலிவில்லாதது மொழி. தமிழில் உயர்தரம் எழுதிய மாத்தளைப் பிள்ளை சட்டத்துறைக்குள் நுழைந்ததும், சட்டக் கல்வி பெரும்பாலும் ஆங்கிலத்தில் நடப்பதைக் காண்கிறது. பட்டம் முடித்துச் சட்டக் கல்லூரியின் பரீட்சைகளையும் பயிற்சியையும் தாண்டி, சத்தியப்பிரமாணம் செய்து ஊர் திரும்பினால், அரசியலமைப்பின் 24ஆவது உறுப்புரை காத்திருக்கிறது: தமிழ் நிர்வாக மொழியாக உள்ள பகுதிகளைத் தவிர மற்ற இடங்களில் நீதிமன்ற மொழி சிங்களம். மாத்தளை நீதிமன்றத்தின் பதிவேடு சிங்களத்தில். தமிழ் பேசும் கட்சிக்காரருக்கு மொழிபெயர்ப்பு உரிமை உண்டு. சட்டத்தரணிக்கோ எதிர்த்தரப்பு சொல்வதும் நீதவான் எழுதுவதும் மொழிபெயர்ப்பாளர் வருமுன்னரே புரிய வேண்டும். ஆக, இந்தப் பிள்ளை ஒரு மொழியில் தெரிவாகி, இன்னொன்றில் படித்து, மூன்றாவதில் தொழில் செய்கிறது. சிங்கள மொழி மாணவருக்கு இரண்டு மொழி போதும். யாழ்ப்பாணத்தில் தொழில் செய்யப்போகும் தமிழ் மாணவருக்கும் இரண்டு போதும். மூன்றும் வேண்டியிருப்பது, வடக்கு கிழக்குக்கு வெளியே தன் ஊருக்கே திரும்ப நினைக்கும் தமிழ், முஸ்லிம் பிள்ளைக்குத்தான். சேர்வு முறை அளக்கும் மூன்று பாடங்களில் இதற்கு எந்த இடமும் இல்லை.

இங்கே ஒரு பழைய சண்டை நினைவுக்கு வருகிறது. 1874இல் தொடங்கிய சட்டக் கல்லூரியின் பரீட்சைகளை ஆங்கிலத்தில் மட்டும் நடத்த வழிசெய்யும் விதிகள் 2020 டிசம்பரில் வர்த்தமானியில் வந்தன. 2023 மார்ச்சில் நாடாளுமன்றம் அவற்றைத் தோற்கடித்தது. நான் அந்தத் தோல்வியை வரவேற்றவன். ஆங்கிலம் தெரியாத சட்டத்தரணி மேன்முறையீட்டில் தடுமாறுவார் என்ற வாதம் பொய்யில்லை. ஆனால் கற்பிக்காமல் பரீட்சிப்பது கல்வி ஆகாது. அதே அளவுகோலைப் பல்கலைக்கழகத்துக்கும் வைக்க வேண்டும். ஆங்கிலத்தில் கற்பிப்பதென்றால், தெரிவு வந்த நாளுக்கும் வகுப்பு தொடங்கும் நாளுக்கும் இடையே மாதக்கணக்கில் பிள்ளைகள் வீட்டில் சும்மா இருக்கும் அந்தக் காலத்தில் ஆங்கிலமும், தேவைப்படுபவருக்குச் சட்டச் சிங்களமும் சொல்லிக்கொடுக்கலாம். தொழில் பார்த்துக்கொண்டே திறந்த பல்கலைக்கழகத்தில் கட்டணம் செலுத்திச் சட்டம் படிப்பவர்களுக்கும் இது பொருந்தும். பணமுள்ளவர் கொழும்பில் இலண்டன் பல்கலைக்கழக வெளிவாரிப் பட்டம் படிக்கலாம். அவருக்கு இந்தக் கவலை குறைவு.

ஒதுக்கீட்டு வீதங்களை மாற்றச் சொல்லி நான் கேட்கப்போவதில்லை. அந்த வீதங்களைத் தொட்டால் எழுபதுகளின் புண் திரும்பவும் திறக்கும். 16 மாவட்டப் பட்டியலைத் திறக்கலாம்: எல்லைக்கோட்டை மாவட்டத்தில் போடுவதை விட்டு, தோட்டப் பாடசாலையிலும் கஷ்டப் பிரதேசப் பாடசாலையிலும் படித்தவர் எந்த மாவட்டத்தவராயினும் அந்த 5 வீதத்தில் பங்கு கேட்க இடம் விடலாம். பாடசாலை வகைப்பாடு கல்வி அமைச்சிடம் ஏற்கனவே இருக்கிறது. பாடசாலை மாறும் கள்ளத்தைத் தடுக்க, பிள்ளை ஆறாம் வகுப்பிலிருந்தே அங்கு படித்ததா என்று பார்த்தால் போதும். அதற்கும் முன்னதாகச் செய்யக்கூடிய ஒன்று, ஒவ்வோர் ஆண்டும் மாத்தளையின் ஒதுக்கீட்டில் சட்டத்துக்குத் தெரிவானவர்கள் எந்தப் பிரதேசப் பிரிவு, எந்த மொழிமூலம், எந்த வகைப் பாடசாலை என்று பெயர் இல்லாமல் எண்ணிக்கையை மட்டும் வெளியிடுவது. வெட்டுப்புள்ளி அட்டவணையோடு இன்னும் ஒரு பக்கம் கூடினால் போதும்.